ஒரே 1470, இரண்டு முடிவுகள்: எஸ்ஏடி மதிப்பெண்ணை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது?

2024 செப்டம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூஜெர்சியில் நான் பாடம் எடுக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளி முடிந்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிய பிறகும் இரண்டு குடும்பங்கள் வகுப்பறையிலேயே காத்திருந்தன. இரு வீட்டிலும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை. ஒரு வீட்டில் பெண், மற்றொரு வீட்டில் பையன். கல்லூரி விண்ணப்பக் காலத்தில் தெரிந்த குடும்பங்களுக்குப் படிவங்களைப் பார்த்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக எனக்கு வழக்கம். அதைத் தொழிலாகச் செய்யவில்லை, காசும் வாங்குவதில்லை. அன்று இருவரும் கொண்டுவந்த கேள்வி ஒன்றேதான்: கையில் இருக்கும் தேர்வு மதிப்பெண்களில் எவற்றை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது, எவற்றை அனுப்பாமல் விடுவது? தற்செயலாக, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் இருவரும் எட்டியிருந்த உச்சமும் ஒன்றேதான்: 1600-க்கு 1470.

அந்தப் பெண் தன் 1470-ஐக் கேட்காத இடத்துக்கும் அனுப்பினாள். அந்தப் பையன் இரண்டு கல்லூரிகளுக்கு அனுப்பாமல் விட்டான். இரண்டுமே சரியான முடிவுகள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் விஷயத்தில் அவளும், அவள் பெற்றோரும், பள்ளியின் ஆலோசகரும் முதலில் நேரெதிரான முடிவில் இருந்தார்கள். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள், எது அதை மாற்றியது என்பதை எழுதிவைப்பதே இந்த ஆய்வின் நோக்கம். இங்கே சொல்லப்படும் கல்லூரி விதிகள் 2024 இலையுதிர்காலத்தில் இருந்தவை. அதன் பிறகு சில மாறிவிட்டன.

நோட்டுப் புத்தகத்தில் இருந்த அட்டவணை

பெண்ணின் தந்தை எடிசன் நகரின் ஓக் ட்ரீ சாலையில் ஓர் உணவகத்தில் தோசை மாஸ்டர். தஞ்சாவூர்ப் பக்கம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தாய் பிளஸ் டூ வரை படித்தவர். பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் குடும்பம் என்பதால் மகளுக்கு எஸ்ஏடி கட்டண விலக்கு கிடைத்திருந்தது. அந்த விலக்கோடு, மதிப்பெண் அறிக்கையை எத்தனை கல்லூரிகளுக்கு வேண்டுமானாலும் இலவசமாக அனுப்பும் உரிமையும் சேர்ந்தே வருகிறது. அது அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஓர் அறிக்கைக்கு இவ்வளவு டாலர் என்று கணக்குப் போட்டே கல்லூரிப் பட்டியலைக் குறைத்து வைத்திருந்தார்கள். சேர்க்கை ஆலோசனை என்ற பெயரில் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் வாங்கும் ஊரில், பள்ளி கொடுத்த தாளிலேயே அச்சாகியிருந்த இந்த ஒரு வரியை அந்தக் குடும்பத்துக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை.

அவள் மூன்று முறை தேர்வெழுதியிருந்தாள். 2024 மார்ச் 9 அன்று எஸ்ஏடி: வாசிப்பும் எழுத்தும் 640, கணிதம் 760, மொத்தம் 1400. ஜூன் 8 அன்று, எஸ்ஏடிக்கு மாற்றாகக் கல்லூரிகள் ஏற்கும் ஏசிடி தேர்வு: 36-க்கு 30. ஆகஸ்ட் 24 அன்று மறுபடியும் எஸ்ஏடி: வாசிப்பும் எழுத்தும் 710, கணிதம் 720, மொத்தம் 1430. ஆகஸ்டின் 710-ஐயும் மார்ச்சின் 760-ஐயும் சேர்த்தால் 1470. இப்படி வெவ்வேறு நாட்களின் சிறந்த பகுதிகளைச் சேர்த்துக் கணக்கிடுவதைத்தான் சூப்பர்ஸ்கோர் என்கிறார்கள். இவை தவிர, பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம் படித்து எழுதும் ஏபி தேர்வுகள் மூன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் உச்சம் 5: கால்குலஸ் 5, அமெரிக்க வரலாறு 4, உயிரியல் 3. படிக்க விரும்பியதோ உயிரியல். அந்த 3 அவளை மிகவும் உறுத்திக்கொண்டிருந்தது.

நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் ஓர் அட்டவணை போட்டு வந்திருந்தாள். ஒவ்வொரு கல்லூரிக்கும் நேராக அது வெளியிட்டிருக்கும் நடு ஐம்பது விழுக்காட்டு மதிப்பெண் வரம்பு, அதாவது சேர்ந்தவர்களில் நடுவில் நிற்கும் பாதிப் பேரின் மதிப்பெண் எதிலிருந்து எது வரை என்பது. அதற்குப் பக்கத்தில் தன் 1470. அதற்கும் பக்கத்தில் முடிவு. டார்ட்மவுத், யேல், கொலம்பியா மூன்றுக்கும் வரம்பின் கீழ் எல்லையே 1500-ஐ ஒட்டி இருந்தது. மதிப்பெண் அனுப்புவது அங்கே கட்டாயம் என்பதால் டார்ட்மவுத்துக்கு நேராக ஒரு பெருமூச்சுப் போல மூன்று புள்ளிகள் வைத்திருந்தாள். கொலம்பியாவுக்கு நேராகச் சிவப்புப் பேனாவால் ஒரு குறுக்குக் கோடு. “வரம்புக்குக் கீழே இருந்தால் அனுப்பாதே” என்று பள்ளி ஆலோசகர் சொல்லியிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த ஊரில் எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னார்.

அந்த அட்டவணையில் ஒரு பத்தி குறைந்தது. அவள் படிக்கும் பள்ளியின் எஸ்ஏடி சராசரி எவ்வளவு என்று கேட்டேன். ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே என்றாள். அந்த ஆண்டு பள்ளி முடித்தவர்களின் நாடு தழுவிய சராசரி 1024. “உங்க பள்ளியில 1400-க்கு மேல வேற யாராவது எடுத்திருக்காங்களாம்மா?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒருத்தர்னு கேள்விப்பட்டேன் ஆன்ட்டி” என்றாள்.

அனுப்புவதற்கான விதிகள்

அறிவுரை கூறுவதற்கு முன் விதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஏனென்றால் ‘அனுப்பலாமா’ என்று கேட்கும் உரிமை எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. கொரோனா காலத்தில் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது, 2020-இல் ஏறத்தாழ எல்லாப் பெரிய கல்லூரிகளும் மதிப்பெண் அனுப்புவதை மாணவரின் விருப்பமாக்கின. மேய்ன் மாநிலத்தின் போடன் கல்லூரி 1969 முதலே அப்படித்தான் இருந்தது. பிறகு 2022 மார்ச்சில் எம்ஐடி கட்டாயத்துக்குத் திரும்பியது. 2024 பிப்ரவரியில் டார்ட்மவுத்தும், மார்ச்சில் பிரவுனும், ஏப்ரலில் ஹார்வர்டும் கால்டெக்கும் அதைப் பின்பற்றின. கொலம்பியா 2023-லேயே, கட்டாயம் இனி இல்லை என்று நிலையாக அறிவித்துவிட்டது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமோ அனுப்பினாலும் பார்ப்பதில்லை. அங்கே விண்ணப்பிப்பவருக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

அடுத்தது, ஒரு கல்லூரிக்கு எந்த நாளின் மதிப்பெண் போகிறது என்பது. எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டு 2009 முதல் ஸ்கோர் சாய்ஸ் என்ற வசதியைத் தருகிறது. எழுதிய நாட்களில் எவற்றின் மதிப்பெண் போகலாம் என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு நாளைப் பிளக்க முடியாது. மார்ச்சின் 760 போக வேண்டுமானால் அதே தாளில் இருக்கும் 640-உம் சேர்ந்தே போகும். இதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. 640-ஐ மறைப்பதற்காக ஆகஸ்டின் 1430-ஐ மட்டும் அனுப்பலாமா என்று அவள் முன்பே யோசித்திருக்கிறாள். அப்படிச் செய்திருந்தால் 40 புள்ளிகளைத் தானே கீழே போட்டிருப்பாள். பெரும்பாலான கல்லூரிகள் பயன்படுத்தும் காமன் ஆப் படிவமே ஒவ்வொரு பகுதியிலும் எடுத்த உயர்ந்த மதிப்பெண்ணையும் அதன் தேதியையும்தான் கேட்கிறது. மாணவர் தாமே நிரப்பும் அந்தக் கட்டங்களில் 710, ஆகஸ்ட். 760, மார்ச் என்று எழுதினால் போதும். தேர்வு அமைப்பே நேராக அனுப்பும் அலுவல்முறை அறிக்கையைப் பல கல்லூரிகள் சேர்க்கை முடிவான பிறகுதான் கேட்கின்றன.

யேல் வேறு விதமாகக் கேட்டது. அது 2024 பிப்ரவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி எஸ்ஏடி, ஏசிடி, ஏபி, பன்னாட்டுப் பாடத்திட்டமான ஐபி ஆகிய நான்கில் ஏதாவது ஒரு வகையைக் காட்டினால் போதும். கால்குலஸில் 5 இருக்கிறதே, ஏபியையே காட்டிவிடலாமே என்று தாய் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் ஏபி வழியில் போகிறவர் எழுதிய எல்லா ஏபி மதிப்பெண்களையும் காட்டியாக வேண்டும். உயிரியலின் 3-உம் கூடவே வரும். உயிரியல் படிக்க விண்ணப்பிக்கும் பெண் தன் முதன்மைச் சான்றாகத் தானே முன்வந்து அந்த 3-ஐ வைப்பதைவிட, கணிதத்தில் 760 உள்ள எஸ்ஏடியை வைப்பது மேல் என்று முடிவாயிற்று.

ஜார்ஜ்டவுனில் தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. எஸ்ஏடியோ ஏசிடியோ, எழுதிய அத்தனை நாட்களின் மதிப்பெண்ணும் வேண்டும் என்பது அவர்கள் விதி. ஸ்கோர் சாய்ஸை அவர்கள் ஏற்பதில்லை. எனவே ஏசிடி 30-உம் அங்கே போக வேண்டியிருந்தது. 2018-இல் இரு தேர்வு அமைப்புகளும் வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணைப்படி ஏசிடி 30 என்பது எஸ்ஏடி 1370-க்கு இணை. மற்ற கல்லூரிகளுக்கு அதை அனுப்ப எந்தக் காரணமும் இல்லை. ஜார்ஜ்டவுனுக்கு அனுப்பாமலிருக்க வழியும் இல்லை. ‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்று தந்தை மெல்லக் கேட்டார். விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போது எல்லாம் உண்மை என்று உறுதி கூறுகிறோம் என்பதைச் சொன்னேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. எஸ்ஏடியில் வெவ்வேறு நாட்களின் உயர்ந்த பகுதிகளைத்தான் அங்கேயும் கணக்கில் எடுக்கிறார்கள் என்பது ஓரளவு ஆறுதல்.

ரட்கர்ஸ் சொந்த மாநிலப் பல்கலைக்கழகம்; மதிப்பெண் அங்கே விருப்பம்தான். 1470 அங்கே நல்ல உயரம். அனுப்புவது பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

கொலம்பியாவுக்கு நேராக இருந்த சிவப்புக் கோடு

மீதி மாலை முழுவதும் கொலம்பியாவைப் பற்றியே போயிற்று. அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். மதிப்பெண்ணோ வெளியிட்ட வரம்புக்குக் கீழே. ‘விருப்பம்’ என்ற சொல் மாணவர் தலையில் ஏற்றிவைக்கும் சுமை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த வரம்பே என்ன என்று பார்த்தோம். கீழ் எல்லை என்பது சேர்ந்த மாணவர்களில் நான்கில் ஒருவர் அதற்கும் கீழே இருக்கிறார் என்பதைக் காட்டும் எண். அதை நுழைவாயிலாக நினைத்துவிடுகிறார்கள். இரண்டாவதாக, விருப்பக் கல்லூரி ஒன்றின் வரம்பு, மதிப்பெண் அனுப்பியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. குறைந்த மதிப்பெண்காரர்கள் அனுப்பாமல் விட, வரம்பு மேலே போகிறது. மேலே போன வரம்பைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் பேர் அனுப்பாமல் விடுகிறார்கள். வரம்பு இன்னும் மேலே போகிறது. ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிகள் நிரப்பும் பொதுத் தரவுப் படிவத்தில், எத்தனை விழுக்காட்டினர் மதிப்பெண் கொடுத்தார்கள் என்ற எண்ணும் வரம்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வரம்பைப் பார்ப்பவர்கள் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை. அவள் அட்டவணையிலும் அதற்குப் பத்தி இல்லை.

இதையெல்லாம் நான் சொன்னபோது அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், நம்பியதாகத் தெரியவில்லை. நம்பவைத்தது டார்ட்மவுத்தின் அறிக்கை.

கட்டாயத்துக்குத் திரும்புவதற்கு முன், டார்ட்மவுத்தின் தலைவர் சையன் பைலாக் தம் கல்லூரியைச் சேர்ந்த நால்வரிடம் ஓர் ஆய்வை ஒப்படைத்தார். பொருளியலாளர்கள் எலிசபெத் காசியோ, புரூஸ் சாசர்டோட், டக் ஸ்டெய்கர், சமூகவியலாளர் மிஷேல் டைன் ஆகியோர் அவர்கள். விண்ணப்பத்தைப் படித்த அலுவலர் பார்த்திராத, மாணவர்கள் அனுப்பாமல் விட்ட மதிப்பெண்களையும் ஆய்வாளர்களால் பார்க்க முடிந்தது என்பதே இந்த ஆய்வின் பலம். பார்த்தபோது, வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்து 1400-களில் எடுத்திருந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் தம் மதிப்பெண்ணை மறைத்திருந்தார்கள். வரம்பைப் பார்த்துத் தம் எண் போதாது என்று நினைத்திருக்கிறார்கள். ஆனால் சேர்க்கை அலுவலகம் அந்த எண்ணை, அந்த மாணவர் படித்த பள்ளியோடும் வளர்ந்த சூழலோடும் வைத்துத்தான் படிக்கிறது. அப்படிப் படித்தால் அது அவர்களுக்குச் சாதகமாகவே இருந்திருக்கும். தமக்கு உதவியிருக்கக்கூடிய எண்ணைத் தாமே ஒளித்துவைத்தவர்கள் அவர்கள்.

அறிக்கையில் அந்த இடத்தை அலைபேசியில் எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒரு முறை படித்தாள். பிறகு தன் நோட்டைத் திறந்து, அட்டவணையின் ஓரத்தில் புதிதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டு, மேலிருந்து கீழ் வரை எல்லாக் கல்லூரிகளுக்கும் நேராகத் தன் பள்ளியின் சராசரியை எழுதினாள். ஒரே எண்ணை ஆறு தடவை எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் எழுதினாள்.

ஆலோசகரின் மறுப்பும் அற்பமானதன்று. மறுநாள் அந்தப் பெண் அவரிடம் கேட்டுவந்து சொன்னது: டார்ட்மவுத்தில் நடந்தது கொலம்பியாவில் நடக்கும் என்பதற்கு என்ன உறுதி? அங்கே மதிப்பெண் இல்லாத விண்ணப்பங்களைப் படித்துப் பழகிவிட்டார்கள். நல்ல பள்ளி மதிப்பெண்ணும் கட்டுரையும் இருக்கும்போது, எதற்கு ஒரு 1470-ஐக் காட்டிச் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும்? ஒரு கல்லூரியின் தரவை இன்னொரு கல்லூரிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளுடைய விண்ணப்பத்தில் வேறு என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். அவள் பள்ளியில் கிடைத்த ஏபி பாடங்களே குறைவு. அந்தப் பள்ளியில் எடுத்த ‘ஏ’ வெளியூரில் எவ்வளவுக்குச் சமம் என்பது, அதுவரை அங்கிருந்து ஒரு விண்ணப்பத்தைக்கூடப் பார்த்திராத அலுவலருக்குத் தெரியாது. அந்த ‘ஏ’-க்குப் பள்ளிக்கு வெளியிலிருந்து கிடைத்த ஒரே சாட்சி இந்த 1470. தேர்வெழுதுவோரில் 1400 எடுத்தவரே ஏறத்தாழ 93 விழுக்காட்டினருக்கு மேலே நிற்கிறார். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கிடையே வேறொரு செய்தி வெளிப்பட்டது. மார்ச் தேர்வுக்குப் பதிவு செய்தபோது, நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பலாம் என்று திரையில் வந்ததும் அவள் நான்கு பெயர்களை நிரப்பியிருக்கிறாள். அதில் கொலம்பியாவும் ஒன்று. பொதுவாக எல்லாருக்கும் தரப்படும் அந்த நான்கு இலவச அறிக்கைகளுக்கான கெடு தேர்வு முடிந்து ஒன்பது நாள். மதிப்பெண் வருவதோ அதற்குப் பிறகு. அதாவது என்ன மதிப்பெண் என்று தெரியாமலேயே அனுப்பச் சொல்லும் சலுகை. ஆக, வாசிப்பில் 640 உள்ள 1400 ஏற்கனவே கொலம்பியாவில் இருந்தது. பெரும்பாலான விருப்பக் கல்லூரிகள், மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கலாமா என்று விண்ணப்பத்தில் தனியே ஒரு கேள்வி கேட்கின்றன. ‘வேண்டாம்’ என்றால் கைக்கு வந்ததையும் பார்ப்பதில்லை என்கின்றன. எனவே இது பெரிய ஆபத்தில்லை. ஆனாலும் தாழ்ந்த தாள் அங்கே இருக்க உயர்ந்த தாளை மறைப்பதா என்ற எண்ணமே கடைசியில் அவளை முடிவெடுக்க வைத்தது என்று நினைக்கிறேன். என் விளக்கங்களைவிட அதுதான் வேலை செய்தது.

அக்டோபர் 5 அன்று இன்னொரு முறை எழுதலாமா என்ற பேச்சும் வந்தது. காலேஜ் போர்டே தன் மொத்த மதிப்பெண்ணுக்கு மேலும் கீழும் ஏறத்தாழ 40 புள்ளி இடைவெளி வைத்துத்தான் படிக்கச் சொல்கிறது. வாசிப்பில் 710 என்பது 730 ஆகலாம், 690-உம் ஆகலாம். ஆயிரத்துக்குக் கீழே சராசரி உள்ள பள்ளியிலிருந்து வரும் 1470-க்கும் 1490-க்கும் படிப்பவர் கண்ணில் பெரிய வேறுபாடு இருக்காது. இன்னொரு நாளின் முடிவு எதுவானாலும் ஜார்ஜ்டவுனுக்குப் போகும். சனிக்கிழமைகளில் அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். கட்டுரைகள் ஒன்றுகூட எழுதி முடியவில்லை. வேண்டாம் என்றேன். அவள் விஷயத்தில் இந்த ஒன்றில் மட்டும் எனக்கு முழு உறுதி இருந்ததில்லை. அவளுக்கு வாசிப்பு மார்ச்சிலிருந்து ஆகஸ்டுக்குள் 70 புள்ளி ஏறியிருந்தது, இன்னும் ஏறியிருக்கலாம்.

அதே எண், வேறு பள்ளி

பையனின் கதை சுருக்கமானது. பெற்றோர் இருவரும் மென்பொருள் பொறியாளர்கள். பள்ளியின் எஸ்ஏடி சராசரி 1350-ஐ ஒட்டியது. அங்கே 1500 எடுத்தவரைக் கேட்டால் வரிசையில் நிற்பார்கள். அவனுடைய 1470 ஒரே நாளில் எடுத்தது: வாசிப்பும் எழுத்தும் 730, கணிதம் 740. படிக்க விரும்பியது கணினி அறிவியல்.

அந்தப் பெண்ணுக்குச் சொன்ன அதே காரணம் இவனுக்கு எதிராகத் திரும்பியது. பள்ளியோடு வைத்துப் படிக்கிறார்கள் என்றால், இவன் பள்ளியோடு வைத்துப் படிக்கும்போது 1470 நடுவிலிருந்து சற்று மேலே நிற்கும் எண், அவ்வளவுதான். கணினி அறிவியலுக்கு விண்ணப்பிப்பவனின் கணிதப் பகுதியைத் தனியே பார்ப்பார்கள்; 740 அங்கே பேசப்படும் மதிப்பெண்ணாக இருக்காது. அவனுக்கோ ஒன்பது ஏபி பாடங்கள், ஒரு கோடையில் செய்த நல்ல மென்பொருள் வேலை, அவனை நன்கறிந்த ஆசிரியரின் கடிதம் எல்லாம் இருந்தன. அவன் திறமைக்குச் சாட்சி சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இந்த எண் வந்து கூடுதலாக எதுவும் சொல்லப்போவதில்லை. எனவே அப்போது மதிப்பெண்ணை விருப்பமாக வைத்திருந்த கொலம்பியா, பிரின்ஸ்டன் இரண்டுக்கும் அனுப்ப வேண்டாம் என்று முடிவாயிற்று. (பிரின்ஸ்டனும் 2027-28 விண்ணப்பச் சுற்றிலிருந்து கட்டாயத்துக்குத் திரும்புவதாகப் பிறகு அறிவித்துவிட்டது.) கட்டாயமாகக் கேட்ட ஜார்ஜியா டெக்குக்கும் பிரவுனுக்கும் அனுப்பியாக வேண்டியிருந்தது. ரட்கர்ஸுக்கு அவனும் அனுப்பினான்.

தந்தைக்கு இது பிடிக்கவில்லை. “அனுப்பலன்னா, கம்மியா எடுத்திருக்கான்னு அவங்களே நெனச்சுக்க மாட்டாங்களா டீச்சர்?” என்றார். நினைக்கலாம்தான். வசதியான பள்ளியிலிருந்து மதிப்பெண் இல்லாமல் வரும் விண்ணப்பத்தைப் பார்த்துப் படிப்பவர் ஓர் ஊகம் செய்வது மனித இயல்பு. ‘எந்தப் பாதகமும் இல்லை’ என்று கல்லூரிகள் சொல்வதை நான் எழுத்துக்கு எழுத்து நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்த ஊகம் 1400-ஐ ஒட்டி எங்காவது நிற்கும். அதைவிட 1470 கொஞ்சம் மேல், 1540 எடுத்த வகுப்புத் தோழனைவிட நிறையக் கீழ். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் ஆதாயம் சிறியது. இங்கே நான் சொன்னது நூலளவு வேறுபாட்டில் எடுத்த முடிவு. வேறொருவர் அனுப்பச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருக்க மாட்டேன்.

பையன் அக்டோபர் 5 அன்று மறுபடியும் எழுதினான். வாசிப்பும் எழுத்தும் 720, கணிதம் 740, மொத்தம் 1460. ஒரு மாதப் பயிற்சி வகுப்புக் கட்டணம் பத்துப் புள்ளி கீழே இறக்கிவிட்டது என்று தாய் சிரித்தார். அவன் பட்டியலில் எல்லா நாட்களையும் கேட்கும் கல்லூரி இல்லாததால் அந்தத் தாளை யாரும் பார்க்கவில்லை.

விண்ணப்பத்துக்குப் பிறகு

எல்லாம் அனுப்புவதற்கு முன் இருவரையும் ஒரு வேலை செய்யச் சொன்னேன்: பள்ளியிலிருந்து போகும் மதிப்பெண் பட்டியலின் நகலை வாங்கிப் பார்ப்பது. சில பள்ளிகள் மாணவர் எழுதிய எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண்களையும் அதிலேயே அச்சிட்டுவிடுகின்றன. அப்படியானால் விண்ணப்பத்தில் மறைத்தது பள்ளித் தாளில் வெளியே வரும். பையனின் பள்ளித் தாளில் இருந்தது. எழுதிக் கேட்டு நீக்க வைத்தார்கள். இரண்டு வாரம் ஆயிற்று.

எங்கள் விண்ணப்பங்களெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, 2025 ஜனவரியில் சாசர்டோட், ஸ்டெய்கர், டைன் மூவரும் அதே தரவின்மேல் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த உயர் மதிப்பெண் மாணவர்கள் மதிப்பெண்ணைக் காட்டினால் அவர்கள் சேர்க்கை பெறும் வாய்ப்பு 2.9 விழுக்காட்டிலிருந்து 10.2 விழுக்காடாகிறது என்பது அவர்கள் கணக்கு. மூன்றரை மடங்கு. அந்தப் பெண்ணுக்கு அதை அனுப்பினேன். “அப்போ தொண்ணூறு பர்சென்ட் கிடைக்காது” என்று பதில் வந்தது. கணிதம் 760 எடுத்த பிள்ளை.

2025 மார்ச் இறுதியில் முடிவுகள் வந்தன. இடம் கிடைப்பது கடினமான கல்லூரிகளில் ஒன்று, கட்டணத்தைப் பெரும்பாலும் தானே ஏற்று, அவளைச் சேர்த்துக்கொண்டது; மற்றவை மறுத்தன. எது எதனால் என்று யாரும் சொல்வதில்லை. 1470-தான் கதவைத் திறந்தது என்று நானும் சொல்ல மாட்டேன். பையனுக்கு மதிப்பெண் அனுப்பாத இரண்டு இடங்களிலும் கிடைக்கவில்லை. அனுப்பிய ஓரிடத்தில் கிடைத்தது. அங்கேதான் இப்போது படிக்கிறான்.

மே மாதத்தில் அந்தப் பெண்ணின் கல்லூரி, சேர்வதற்கு முன் அலுவல்முறை அறிக்கையைக் கேட்டது. அவள் சொன்னதும் நிஜத்தில் உள்ளதும் ஒன்றா என்று சரிபார்க்கும் நடைமுறை. தமிழ்ப் பள்ளி முடிந்து அதே வகுப்பறையில், கட்டண விலக்கோடு வந்த இலவச உரிமையில், காலேஜ் போர்டு தளத்தில் மார்ச், ஆகஸ்ட் இரண்டு நாட்களையும் தேர்ந்தெடுத்தாள். உணவகத்துக்குத் திரும்ப வேண்டிய நேரமாகியும் போகாமல் நின்றிருந்த தந்தை எட்டிப் பார்த்தார்.

“அப்போ அந்த 640-ஐயும் அவங்க பாப்பாங்களா?”

“பாப்பாங்கப்பா. ஒரே தாள்தானே” என்று சொல்லிவிட்டு அவள் பொத்தானை அழுத்தினாள்.